இரவுக் காவலில் இருபது சந்திப்புகள்

அன்புள்ள ஐயா,

1871-ல் தெற்கு டெக்சாஸிலிருந்து கான்சஸின் ஆபிலீன் வரை மாடு ஓட்டிப் போகும் பயணத்தை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா இறந்தபின் 2,500 மாடுகளோடு தானே கிளம்புகிற மகள், கூலிக்கு வந்து சேரும் ஒரு கௌபாய், இவர்கள்தான் கதை. ஆங்கிலத்தில் 'க்ளீன் ரொமான்ஸ்' என்கிறார்களே, அந்த வகை. முத்தம்கூடக் கடைசி அத்தியாயத்தில்தான். படித்துப் பார்த்த நண்பர்கள், "ரெண்டு பேரையும் நீயே பிடிச்சு விலக்கி வெச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள். மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பயணத்தில் ஒரு பெண் இருந்திருக்க முடியுமா என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்,

சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். இருந்திருக்கிறார்கள், குறைவாக. உங்கள் நாவல் நடக்கும் அதே 1871-ல் அமாண்டா பர்க்ஸ் என்பவர் கணவரின் மந்தையோடு குதிரை வண்டியில் கான்சஸ் வரை போயிருக்கிறார். 1873-ல் மார்கரெட் போர்லண்ட் என்ற விதவை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் மந்தையைக் கான்சஸின் விச்சிட்டாவில் சேர்த்தார். மாடு விற்று முடிப்பதற்குள் நோய் கண்டு அங்கேயே இறந்தார். உங்கள் நாயகிக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இவர்தான். ஆண் வேடத்தில் கூலிக்குச் சேர்ந்து, பயணம் முடியும்போதுதான் பெண் என்று தெரியவந்த ஒருத்தியைப் பற்றியும் 1888-ஐச் சேர்ந்த ஒரு மந்தைத் தலைவரின் நினைவுக்குறிப்பு உண்டு.

இனி நண்பர்கள் சொன்னது. அவர்கள் சொல்வது சரி, ஆனால் காரணம் முத்தம் இல்லாதது அல்ல. உங்கள் அத்தியாயங்களில் மாடு ஓட்டும் வேலையே இல்லை. தமிழில் கௌபாய் என்றாலே காமிக்ஸ் வழியாக வந்த துப்பாக்கிக்காரன்தான் நினைவுக்கு வருகிறான். மாடு மேய்ப்பவன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வேலையைச் சரியாக எழுதினால் இருவரையும் விலக்கி வைக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். அது தானாக நடக்கும்.

இரண்டாம் அத்தியாயத்தில் இருவரும் மந்தைக்குப் பின்னால் குதிரைகளை ஜோடியாக நடத்திக்கொண்டு எட்டுப் பக்கம் பேசுகிறார்கள். அந்த இடத்துக்கு 'டிராக்' என்று பெயர். பத்தாயிரம் குளம்புகள் கிளப்பும் புழுதி மொத்தமும் அங்கேதான் வந்து இறங்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, நொண்டுகிற மாட்டையும் சண்டிமாட்டையும் விரட்டுவதற்குப் புதுப் பையன்களை அங்கே போடுவார்கள். எட்டுப் பக்கம் வேண்டாம், எட்டு வார்த்தை பேசினாலே தொண்டை போய்விடும். தேர்ந்த ஆட்கள் இருவர் முன்னால், 'பாயிண்ட்'டில், தலைமாடுகளின் இரு பக்கமும் போவார்கள். நடந்துகொண்டிருக்கும் மந்தை ஒரு மைல் நீளும், சில சமயம் அதற்கு மேலும். சமையல் வண்டியோ மந்தையை முந்திக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். உங்கள் நாயகன் பக்கவாட்டிலும் நாயகி வண்டியிலும் இருந்தால் பகல் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் பட மாட்டார்கள். நாளுக்கு 10 முதல் 15 மைல் நடை. இப்படி இரண்டரை, மூன்று மாதம்.

அப்படியானால் எங்கேதான் சந்திப்பது? இரவுக் காவலில்.

இருட்டியதும் மாடுகளை ஒரு மேட்டில் நெருக்கிப் படுக்க வைப்பார்கள். நம் ஊர்க் கிடை மாதிரிதான், பட்டி மட்டும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஜோடி காவல். இருவரும் எதிரெதிர்த் திசையில், குதிரையை நடையில் மட்டும் விட்டு, கிடையைச் சுற்றி வருவார்கள். ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு முறை எதிர்ப்பட வேண்டும். சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரத்தில் பத்துச் சுற்று, இருபது சந்திப்பு. ஒவ்வொன்றும் சில நொடிதான். நிற்கக் கூடாது, குரல் உயரக் கூடாது, தீக்குச்சியைச் சட்டென்று உரசக்கூடத் தயங்குவார்கள். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனால் ஆறு நிமிடம் கழித்துத்தான் பதில் வரும். அந்த ஆறு நிமிடத்தில் அவள் என்னவெல்லாம் நினைப்பாள் என்பதுதான் உங்கள் அத்தியாயம்.

இன்னொன்று, பாட்டு. காவல்காரர்கள் மெதுவாகப் பாடிக்கொண்டே போவார்கள், பெரும்பாலும் தேவாலயப் பாட்டுகள். குதிரைக்காரன் எங்கே வருகிறான் என்பது மாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தால் அது திடுக்கிடாது. நடுநிசி வாக்கில் மாடுகள் எழுந்து, கொஞ்சம் நின்று, மறுபக்கம் சாய்ந்து படுக்கும். அப்போது பாட்டு நிற்கவே கூடாது. மந்தையின் அந்தப்பக்கம் அவன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்கும் அந்தக் குரலை வைத்துத்தான் தெரியும்.

முதலாளி மகளைக் காவலுக்கு அனுப்பக் காரணம் வேண்டும் அல்லவா? ஆள் குறைய வேண்டும். 2,500 மாட்டுக்கு ஆட்களே பத்துப் பன்னிரண்டு பேர்தான். டெக்சாஸின் வடக்கு எல்லையான ரெட் நதியைக் கடக்கும்போது ஒருவன் கால் முறியட்டும். கண்ணில் வெயில் அடித்தால் மாடு நீந்தாது, நடு ஆற்றில் திரும்பி ஒன்றையொன்று சுற்ற ஆரம்பித்துவிடும். அதைக் கலைக்கப் போகிறவனுக்குத்தான் அடிபடும். காலை வெயிலில் கிழக்கு நோக்கி மந்தையை இறக்கியிருக்கிறீர்கள். அதை மாற்ற வேண்டாம், அந்தத் தவறை நாயகியே செய்ததாக ஆக்கிவிடுங்கள். மறுநாள் இரவு காலியான காவலுக்கு அவள் தானாகவே போய் நிற்பாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் காப்பிக்காக அவன் மாடு கறந்து தருகிறான். டெக்சாஸின் நீளக்கொம்பு மாடான லாங்ஹார்ன் பசு கிட்டவே விடாது. பயணத்தில் எல்லாரும் குடித்தது கறுப்புக் காப்பி. அந்த இடத்தில் கன்றுக்குட்டியை வையுங்கள். மந்தையில் பசுக்கள் இருந்தால் இரவில் ஒன்றிரண்டு ஈனும். பிறந்த கன்றால் மந்தையோடு நடக்க முடியாது, தாயோ கன்றை விட்டு நகராது. அதனால் பெரும்பாலான மந்தைகளில் காலையில் கிளம்புமுன் கன்றைச் சுட்டுவிடுவார்கள். அந்த வேலை ஒருவன் தலையில் விழும். டெக்சாஸ் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் மட்டும் கன்றுகளுக்குத் தனி வண்டி வைத்துப் பார்த்தார். பகலில் கன்றுகள் ஒன்றோடொன்று உரசி வாசனை கலந்துவிட்டதால், இரவில் இறக்கிவிட்டதும் தாய்கள் தம் கன்றையே முட்டித் தள்ளின. பிறகு கன்றுக்கு ஒரு சாக்கு என்று கட்டி, மறுநாளும் அதே கன்றை அதே சாக்கில் போட்டார்கள். பசுக்கள் ஏற்றுக்கொண்டன. சுடச் சொல்லி அனுப்பிய உங்கள் நாயகன் சமையல்காரரிடம் வந்து தயங்கித் தயங்கிக் காலிச் சாக்கு கேட்கட்டும். வண்டிக்குப் பின்னால் நிற்கும் அவள் காதில் அது விழட்டும். பால் கறந்து கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மந்தை மிரண்டு ஓடும் காட்சிக்குத் துப்பாக்கிச் சத்தம் வேண்டாம். இடி போதும், பானை மூடி விழுந்தாலும் போதும். முன்னால் ஓடும் மாடுகளை வளைத்து வட்டமாகச் சுழல விட்டு அடக்குவார்கள். விடிந்ததும் மாடுகளை எண்ணுவதற்கு முன் ஆட்களை எண்ணுவார்கள்.

கடைசி அத்தியாயம்தான் பலவீனம். ஆபிலீனில் நல்ல விலை, உடனே கல்யாணம். 1871-ல் கான்சஸில் வந்து குவிந்தவை சுமார் ஆறு லட்சம் மாடுகள். விலை விழுந்தது. விற்காத மந்தைகள் கான்சஸ் புல்வெளியிலேயே குளிர்காலத்தைக் கழித்தன, ஏராளமான மாடுகள் செத்தன. உங்களுக்கு இது வரம். மாதம் 30, 40 டாலர் கூலிக்காரன் பண முதலாளியிடம் காதலைச் சொல்ல மாட்டான். மாடு விற்காத முதலாளி என்றால் கதையே வேறு. கணக்கை முடித்து மூன்று மாதக் கூலி, நூறு டாலர் சொச்சம், கையில் வாங்கியவர்கள் தெற்கே திரும்புகிறார்கள். குளிர்காலக் காவலுக்கு இரண்டு பேரைத்தான் அவளால் வைத்துக்கொள்ள முடியும். அவன் போய்விட்டான் என்றே அவள் நினைக்கிறாள். அன்று இரவு கிடையின் அந்தப்பக்கத்திலிருந்து அதே பாட்டு கேட்கிறது. முத்தத்தை அதற்கப்புறம் வையுங்கள், வைக்காமலும் விடுங்கள்.

முதல் அத்தியாயத்தில் வரும் முள்கம்பி வேலியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதைப் பரவலாக்கிய ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கியது 1874-ல்.