நட்சத்திர விங் வீரர்கள் புள்ளி எடுப்பது எப்படி? பாதி நடிப்புத்தானே?

கேள்வி: கொழும்பில் ஒரு பாடசாலைக் கூடைப்பந்து அணியில் விங் (பக்கவாட்டிலிருந்து தாக்கும் இடம்) விளையாடுகிறேன். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் நட்சத்திரங்கள் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுப்பதில் பாதி, விழுந்து நடித்து வாங்கும் ஃப்ரீ த்ரோதான் (எதிராளி ஃபவுல், அதாவது விதிமீறல் செய்தால் தடுப்பின்றி எறியக் கிடைப்பது, விழுந்தால் ஒரு புள்ளி) என்று அணியில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? நாங்களும் அப்படியே செய்தால் என்ன?

பதில்: பாதி இல்லை, ஏறக்குறைய கால்வாசி. கெவின் டுரான்ட் எம்.வி.பி. (பருவத்தின் சிறந்த வீரர்) விருது வாங்கிய 2013–14 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளி எடுத்தார். அதில் ஃப்ரீ த்ரோவால் வந்தவை 9க்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒன்பதும் நடிப்பால் வந்தவை என்று சொல்ல முடியாது. டிஃபென்டர் (தடுப்பவர்) அரைநொடி பிந்தினாலே ஃபவுல் வந்துவிடும். அந்த அரைநொடியை எப்படிப் பிடுங்குகிறார்கள் என்பதுதான் விஷயம். காலையில் பள்ளிக்கு வெளிக்கிடும் நேரத்தில் ஃபோனில் பார்க்கும் ஹைலைட்ஸில் அந்தப் பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடும்.

வேலை பந்து கைக்கு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. நல்ல விங் நின்ற இடத்தில் பந்து கேட்பதில்லை. கூடைக்கு அருகிலிருந்து, சக வீரர் போடும் ஸ்க்ரீனை (டிஃபென்டரின் வழியை மறித்து அசையாமல் நிற்பது) உரசிக்கொண்டு மேலே ஓடிவருவார். அவர் பார்ப்பது பந்தை அல்ல, டிஃபென்டர் போகும் வழியை. டிஃபென்டர் பின்னாலேயே துரத்தினால், ஸ்க்ரீன் போட்டவரின் இடுப்பைச் சுற்றி வளைந்து கூடைக்கு வெட்டுவார். குறுக்கு வழி தேடி ஸ்க்ரீனுக்கு மறுபக்கத்தால் போனால், மூலைப் பக்கம் பின்வாங்கி மூன்று புள்ளிக்கு எறிவார். ஸ்க்ரீனை விட்டு வெளியேறும்போது உங்களுக்கும் அதைப் போட்டவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தால், உங்கள் கால் ஸ்க்ரீனை உரசவில்லை என்று அர்த்தம். நம் பாடசாலை ஆட்டங்களில் நான் காணும் முதல் பிழை இதுதான்: ஸ்க்ரீன் போடுவார்கள், ஓடுபவர் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓடுவார்.

பந்து கிடைத்ததும் பந்து இடுப்பருகே, முழங்கால் மடிந்து, மூக்கு கூடையை நோக்கி. இங்கிருந்து ஜாப் ஸ்டெப்: பிவட் கால் (தரையில் ஊன்றியிருக்கும் கால்) நிற்க, மற்றக் காலை அரையடிக்குச் சற்று மேல் முன்னே குத்தி இழுப்பது. நீளமாக வைத்தால் உங்கள் எடையே முன்னால் போய்விடும், எறிய முடியாது. டிஃபென்டர் பின்வாங்கினால் எறியுங்கள். அசையாமல் நின்றால் அவருடைய முன்காலைப் பாருங்கள். எந்தக் கால் முன்னே இருக்கிறதோ அந்தப் பக்கத்தால் போனால், அவர் இடுப்பைத் திருப்பித்தான் தடுக்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எடுக்கும் நேரம்தான் நான் சொன்ன அரைநொடி.

முதல் எட்டில் உங்கள் தோள் அவருடைய இடுப்புக்கு நேரே, உரசும் தூரத்தில் போக வேண்டும். வளைந்து சுற்றிப் போனால் அவர் மீண்டும் முன்னால் வந்துவிடுவார். என்.பி.ஏ.யைப் பார்த்து, முதலில் காலைத் தூக்கிவிட்டுப் பிறகு பந்தைத் தட்டுகிறவர்கள் இங்கே அதிகம். நின்ற நிலையிலிருந்து தொடங்கினால் பிவட் கால் தரையை விட்டு எழும்புவதற்கு முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ராவல், அதாவது பந்தோடு விதிமீறி நடத்தல். ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது நிலை வேறு: 2017 முதல் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவும், பிடிக்கும் கணத்தில் தரையிலிருக்கும் காலைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குப் பிறகு இரண்டு எட்டுக்கு இடம் கொடுக்கிறது.

உள்ளே போனபின் பெரிய நட்சத்திரங்களையும் மற்றவர்களையும் பிரிப்பது வேகம் அல்ல, வேகத்தைக் குறைக்கும் திறன். லூகா டொன்சிச்சைப் பாருங்கள். ஸ்க்ரீனைத் தாண்டியதும் மெதுவாகி, துரத்தி வருபவரை முதுகில் ஒட்டவைத்துக்கொள்வார். இப்போது பின்னால் நிற்பவர் என்ன செய்தாலும் ஃபவுல்தான். முன்னால் நிற்கும் உயரமானவர் ஏறி வந்தால் பாஸ், பின்வாங்கினால் பத்தடியிலிருந்து மிதக்கவிடும் ஷொட். கவாய் லெனார்டின் வழி இன்னும் சுருக்கம்: இரண்டு தட்டு, ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை, நிமிர்ந்து எறிதல். கடைசித் தட்டு மற்றவற்றைவிட ஓங்கி விழ வேண்டும். அப்போதுதான் பந்து தானாகவே மார்புக்கு எழும்பி வரும், குனிந்து பொறுக்க வேண்டியதில்லை.

டிரோசன், பட்லர் இருவரும் மூன்று புள்ளியை நம்பி வாழ்ந்தவர்கள் அல்ல. இருவரும் இரண்டு காலில் நின்று, பம்ப் ஃபேக் (எறிவதுபோல் பாசாங்கு) காட்டி, எதிராளியைக் குதிக்க வைத்து, பிறகு எழும்புவார்கள். குதித்தவர் கீழே வரும் வழியில் உங்கள் ஷொட் இருந்தால் அது உண்மையான ஃபவுல், நடிப்பு இல்லை. ஆனால் பம்ப் ஃபேக்கில் பந்து நெற்றி வரை போகட்டும், முழங்கால் நிமிரவே கூடாது. முழங்காலும் நிமிர்ந்தால் ஏமாறுவது நீங்கள்தான்.

இனி விழுவது பற்றி. கணக்கில் தொடங்குகிறேன், எண்கள் உதாரணத்துக்கு. நல்ல நடுத்தூர ஷொட் 45 வீதம் விழுந்தால் அதன் பெறுமதி 0.9 புள்ளி. கையை விரித்துக் கத்திக்கொண்டு எறிந்தால் அது 30 வீதத்துக்கு இறங்கும் என்று வையுங்கள், அதாவது 0.6. விசில் கிடைத்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ. 80 வீதம் போடுபவருக்கு அது 1.6 புள்ளி. ஆகவே பத்தில் மூன்று தடவைக்கு மேல் நடுவர் ஏமாந்தால் அவருக்கு இலாபம். 60 வீதம் போடுபவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ 1.2 தான். அவருக்குப் பத்தில் ஐந்துக்கு மேல் விசில் வேண்டும். நம் பாடசாலை அணிகளில் களைத்த காலோடு நாலாவது குவாட்டரில் (கடைசிக் கால்பகுதியில்) 60 வீதம் போடுபவர்கள் எத்தனை பேர்? விசில் வராமல் நீங்கள் தரையில் கிடக்கும்போது எதிரணி மறுபக்கம் நாலுக்கு ஐந்தாக ஓடுவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ஃபவுலைத் தேடிப் போவது வேறு, ஃப்ளொப் வேறு. இரண்டையும் குழப்புவதால்தான் இந்தப் பேச்சே வருகிறது. எதிராளி உங்கள் வழியில் நீட்டிய கையின் ஊடாகப் பந்தைக் கொண்டுபோவது தேடிப் போவது. டுரான்ட் அதில் கெட்டிக்காரர். எறிய எழும்பாத நிலையிலும் அது ஷூட்டிங் ஃபவுலாகக் கணக்கிடப்பட்டதால், 2011–12 பருவத்திலிருந்து என்.பி.ஏ. அதைச் சாதாரண ஃபவுலாக்கியது. ஜேம்ஸ் ஹார்டன் என்ற வீரரின் காலத்தில் வளர்ந்த பழக்கங்கள், அதாவது எறியும்போது பக்கவாட்டில் எதிராளிமேல் சாய்வது, ஓட்டத்தில் சட்டென நின்று பின்னால் வருபவர்மேல் மோதுவது, காலை உதைத்து நீட்டுவது, மறுகையால் கொளுவுவது, இவற்றுக்கு 2021–22 முதல் விசில் நின்றது. சில நேரம் எறிபவர் மேலேயே ஃபவுல் வரும்.

ஃப்ளொப் என்பது தொடுகை இல்லாத இடத்தில் தொடுகையை நடிப்பது, அல்லது இருப்பதைப் பத்து மடங்காக்குவது. என்.பி.ஏ. 2012–13 இல் ஆட்டம் முடிந்தபின் வீடியோ பார்த்து அபராதம் போடத் தொடங்கியது: முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவதுக்கு 5,000 டொலர். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது தேத்தண்ணிக் காசு. 2023–24 முதல்தான் ஆட்டத்துக்குள்ளேயே தண்டனை வந்தது: எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, கூடவே 2,000 டொலர். அதற்காக யாரையும் வெளியேற்றுவதில்லை.

இங்கே நீங்கள் ஆடுவது ஃபிபா விதியில், அதில் கணக்கு கடுமையானது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமலே முன்கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டுவார். பந்து நின்றதும் வீரருக்கும் பயிற்றுநருக்கும் எச்சரிக்கை. அடுத்தது டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை), எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அப்பட்டமான நடிப்பென்றால் எச்சரிக்கையும் இல்லை, நேரே டெக்னிக்கல். அது உங்களை வெளியேற்றும் ஐந்து ஃபவுலில் ஒன்றாகச் சேரும், அணிக் கணக்கிலும் ஏறும். இரண்டு டெக்னிக்கல் வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியே. என்.பி.ஏ. நட்சத்திரத்துக்கு இல்லாத ஆபத்து உங்களுக்கு உண்டு.

தேர்ந்த நடுவர் விழுபவரைப் பார்ப்பதில்லை, டிஃபென்டரைப் பார்க்கிறார்: இரண்டு காலும் தரையில் வைத்து முகம் பார்த்து நின்றாரா, கை தன் உடலுக்கு மேலே நேராக இருந்ததா, மோதியது மார்பா. நடிப்பு பிடிபடுவது திசையில். தோளில் பட்ட அடிக்குத் தலை பின்னால் சொடுக்காது. இடப்பக்கம் தள்ளப்பட்டவர் வலப்பக்கம் விழமாட்டார். மோதலுக்கு முன்பே குதிக்காலில் எடை போனவர் விழத் தயாராகிவிட்டார்.

உங்களுக்குப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. எதிரணி ஒரு குவாட்டரில் நாலு ஃபவுல் செய்துவிட்டதா என்று ஸ்கோர் மேசையைப் பாருங்கள். அதற்குப் பிறகு பந்து உங்கள் அணியிடம் இருக்கும்போது அவர்கள் செய்யும் எந்த ஃபவுலுக்கும், நீங்கள் எறியாவிட்டாலும், இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு. நீட்டிய கையைத் தேடிப் போக அதுதான் நேரம். முதல் நாலுக்குள் அதைச் செய்தால் கிடைப்பது வெறும் சைட் பந்து (வெளிக்கோட்டிலிருந்து உள்ளே போடுவது). பயிற்சியில் ஒருவர் மெத்தைத் துண்டால் உங்கள் தோளை இடிக்க, இரண்டு பக்கமும் இருபது இருபது லே-அப் (கூடைக்கு அருகே ஓடிவந்து போடுவது) போடுங்கள். இடித்தபின் கண் கூடையிலேயே நிற்க வேண்டும், நடுவரிடம் போகக் கூடாது. அது முடிந்த கையோடு, மூச்சு வாங்கும்போதே பத்து ஃப்ரீ த்ரோ.

மறுபக்கம் நின்று இப்படிப்பட்ட ஒருவரைத் தடுக்க வேண்டி வந்தால், குறுகிய எட்டு வைத்து அணுகி, பந்துப் பக்கக் கையை உயர்த்துங்கள். எறிபவர் இறங்கும் இடத்துக்குள் காலை விடவே வேண்டாம். 2017 இல் எதிரணி வீரர் பச்சூலியாவின் கால்மேல் இறங்கி லெனார்டின் கணுக்கால் போனது நினைவிருக்கும். பம்ப் ஃபேக்குக்கு நீங்கள் குதிக்கலாம், ஆனால் நேராக மேலே. மார்பில் சார்ஜ் (தாக்குபவர் உங்கள்மேல் மோதும் ஃபவுல்) வாங்குவதானால் அவர் எழும்புவதற்கு முன் இடத்தைப் பிடியுங்கள், அதுவும் கூடைக்குக் கீழுள்ள 1.25 மீற்றர் அரைவட்டத்துக்கு வெளியே. விழும்போது நாடியை மார்போடு சேர்த்து, பிட்டத்தில் இறங்கிச் சறுக்குங்கள். சுகததாச உள்ளரங்கின் மரத்தளம் இதை மன்னிக்கும். மாலை வெயில் சூடு ஏறிய பாடசாலைச் சிமெந்துத் தரையில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.