சமுதாயக் கூடம் கட்ட இடம் கிடைத்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக, பல காலம் பயன்படும்படி கட்ட எங்கிருந்து தொடங்குவது? சோலாரும் மழைநீர்த் தொட்டியும் போதுமா?

சோலாருக்கும் தொட்டிக்கும் அப்புறம் வரலாம். கட்டட வடிவமைப்பு என் தொழில். பொதுக் கூடம் வேண்டும் என்று வருகிறவர்களிடம், பிளானைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வாரத்துக்கான அட்டவணையை எழுதித் தரச் சொல்வேன். ஏழு நாள், காலை முதல் இரவு வரை, மணிக்கு ஒரு கட்டம். அதிகாலையில் உடற்பயிற்சிக்கு யார் வருவார்கள்? பகல் 11 மணிக்கு உள்ளே யார் இருப்பார்கள்? மாலையில் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்து அறையில் பாட்டு வகுப்பு நடக்குமா? கட்டங்களை நிரப்பி முடித்ததும் ஒன்று பளிச்சென்று தெரியும்: 300 பேர் கூடுவது எப்போதோ ஒரு நாள், பதினைந்து இருபது பேர் கூடுவது தினமும்.

ஆனால் பல கூடங்கள் அந்த எப்போதோ ஒரு நாளுக்காகத்தான் கட்டப்படுகின்றன. மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். அப்படிக் கிடக்கிற கட்டடத்தின் மேல் எத்தனை சோலார் பலகை வைத்தாலும் அதைப் பசுமைக் கட்டடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மனிதர்கள் உலகம் முழுவதும் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து மட்டும் வருகிறது. தேவையில்லாமல் எழுப்புகிற ஒவ்வொரு சதுர அடியும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் நடுத்தர அளவில் ஒரு கூடம், அதை ஒட்டி அகலமான தாழ்வாரம், இரண்டுக்கும் நடுவே மடக்குக் கதவுகள், வெளியே நிழலுள்ள திறந்தவெளி என்று யோசியுங்கள். கூட்டம் பெருகும் நாளில் கதவுகளைத் திறந்துவிட்டால் போதும். தாராளமாக ஒரு ஸ்டோர் ரூமும் வையுங்கள். கூட்டத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் நாற்காலிகளும் மேசைகளும் நல்ல அறை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

இடத்தில் பழைய கட்டடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இடிப்பதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். இருப்பதை இடிக்காமல் விரிவாக்கியே பெயர் பெற்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் ஆன் லகாட்டோன், ழான் ஃபிலிப் வஸ்ஸால் இருவருக்கும் 2021இல், கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. நானும் அந்தக் கட்சிதான்.

கருத்துக் கேட்கிறோம் என்று ஒரே ஒரு கூட்டம் போட்டு நிறுத்திவிடாதீர்கள். அதில் சத்தமாகப் பேசுகிறவர்கள் விருப்பம்தான் பிளானில் ஏறும். பெண்களிடமும் வளரிளம் பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். அப்புறம் ஒரு மாலையில் இடத்திலேயே சுண்ணாம்புப் பொடியால் பிளானை முழு அளவில் தரையில் வரைந்து எல்லாரையும் அதற்குள் நடக்கவிடுங்கள். கணினித் திரையில் தலையாட்டியவர்கள் அங்கே நின்று, “கழிப்பறைக் கதவு கூடத்தைப் பார்த்துத் திறக்கிறதே, எப்படிப் போவது?” என்று கேட்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் வளைவில் திரும்ப முடியவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். கட்டி முடித்த பிறகு இவற்றுக்கு இடம் தேடினால் கிடைக்காது.

வெயில் கடுமையான பகுதி என்றால் ஏசிக்கு முன் கூரையைப் பற்றிப் பேசுங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில், அந்த ஊரிலேயே பிறந்த ஃபிரான்சிஸ் கெரே வடிவமைத்த தொடக்கப் பள்ளி 2001இல் கட்டி முடிந்தது. மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய கற்களால் சுவர். அறைக்கு மேல் அதே கற்களால் உள்கூரை. அதற்கும் மேலே இடைவெளி விட்டு, மெல்லிய இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் தகரக் கூரை. தகரம் எவ்வளவு காய்ந்தாலும் இடைவெளியில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அறைக்குள் இருக்கும் சூடான காற்றும் உள்கூரையின் துளைகள் வழியே மேலேறிவிடும். கூரை சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் வெயிலும் மழையும் சுவரில் நேராகப் படாது. எனக்கு இதைவிடப் பிடித்தது, ஊர்மக்களே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு கட்டியதுதான். கட்டத் தெரிந்தவர்களுக்குப் பழுது பார்க்கவும் தெரியும். உங்கள் பகுதிக் கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கைவராத தொழில்நுட்பம் எதுவானாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மழைநீர்க் கணக்கு சுலபம். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். ஓரளவு வீணாகும், முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வருவதால் அதைத் தனியே வெளியேற்ற வழி வேண்டும். சோலாருக்கு மறுபடி அட்டவணையைப் பாருங்கள். பகலில் ஆள் நடமாட்டம் இருந்தால் மின்சாரம் அப்போதே செலவாகும். எல்லாம் இரவில்தான் என்றால் பேட்டரி வேண்டும், அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றப் பணமும் வேண்டும்.

பணம் என்றதும் பராமரிப்பு. கட்டுமான நிதி முழுவதையும் கட்டடத்திலேயே போட்டுவிடாமல் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் வையுங்கள். சாவி யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாதபோது யார் திறப்பார், கழிப்பறைக் குழாய் ஒழுகினால் யாருக்குப் போன் செய்வது என்பதையெல்லாம் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, சுவர் பூசுவதற்கு முன் தண்ணீர்க் குழாயும் வயரும் போகிற இடங்களை அளவுநாடாவை வைத்துப் போட்டோ எடுத்து, பிளானோடு ஒரே கோப்பில் போட்டு கூடத்திலேயே வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு கசிவைத் தேடுகிறவர் பாதிச் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.