கேளுங்க அண்ணே: பையும் நோட்டும் குடுத்தா படிப்பு வந்துருமா?

பாம்பன் பக்கம் ஒரு மீனவ கிராமத்துல இருந்து ஒரு அம்மா கேக்குறாங்க:
அண்ணே, வருசா வருசம் ஸ்கூல் தொறக்குற சமயத்துல ஒரு டிரஸ்ட்காரவுக வந்து பை, நோட்டு, பேனா எல்லாம் குடுத்து போட்டோ எடுத்துட்டுப் போறாக. நல்ல மனுசங்கதான், குறை சொல்லல. ஆனா என் மகன் அஞ்சாப்பு படிக்கிறான், ஒரு பாடத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். நான் பாசி எடுக்கப் போயிருவேன், வீட்டுக்காரவுக வலைக்குப் போயிருவாக, எங்களுக்கு சொல்லிக் குடுக்கவும் தெரியாது. இந்த மாதிரி உதவியால புள்ளைக படிப்பு நெசமாவே முன்னேறுமா?

பதில்:
தங்கச்சி, நீங்க கேட்ட கேள்விய உதவி பண்ற ஒவ்வொருத்தரும் மொதல்ல கேட்டுப் பாக்கணும். நம்ம தமிழ்நாட்டுல அரசுப் பள்ளி புள்ளைகளுக்கு பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் அரசாங்கமே குடுக்குது, மதியச் சாப்பாடு இருக்கு, 2022 செப்டம்பர்ல இருந்து காலைச் சாப்பாடும் வந்துருச்சு, அதனால இன்னொரு பை குடுக்குறதால புள்ளைக்கு சந்தோசம் வரும், படிப்புல பெருசா ஒண்ணும் மாறாது.

இது நானா சொல்றது இல்ல. கென்யா நாட்டு கிராமங்கள்ல ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு இலவசமா பாடப்புத்தகம் குடுத்துச்சு, பலன் இருக்கான்னு பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் கிரெமரும் அவரோட வேலை செஞ்சவங்களும் பரீட்சை வச்சு பாத்தாங்க. ஏற்கெனவே நல்லா படிக்கிற புள்ளைகளுக்கு மட்டும்தான் மார்க் கூடுச்சு, பின்னாடி நின்ன புள்ளைக அங்கேயேதான் நின்னாங்க, ஏன்னா புத்தகம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அதை வாசிக்கவே அவங்கள்ல பல பேருக்கு வரல. அதே மாதிரி நம்ம நாட்டுல பிரதம்ங்கிற தொண்டு நிறுவனம் மும்பைலயும் வதோதராலயும் வேற ஒண்ணு பண்ணாங்க. மூணாவது நாலாவதுல பின்தங்கின புள்ளைகள மட்டும் பள்ளி நேரத்துலயே தினம் ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வச்சு, அந்தந்த ஏரியா பொண்ணுகளுக்கே கொஞ்சம் பயிற்சி குடுத்து, எழுத்தும் கூட்டல் கழித்தலும் அடியில இருந்து சொல்லிக் குடுக்க வச்சாங்க. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு இதை அளந்து பாத்தப்போ மார்க் நல்லாவே ஏறியிருந்துச்சு. இவங்க ரெண்டு பேருக்கும் கிரெமருக்கும் சேத்துதான் 2019ல பொருளாதார நோபல் குடுத்தாங்க.

உங்க மகனுக்கு வேணும்ங்கிறதும் அதுதான். அவன் அஞ்சாப்புல இருக்கான்னு அஞ்சாப்பு பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தினா பிரயோஜனமில்ல, ரெண்டாப்பு வாசிப்புல நிக்கிறான்னா அங்க இருந்துதான் கையப் புடிச்சு கூட்டிட்டு வரணும். கொரோனாவுக்கு அப்புறம் 2021ல நம்ம அரசாங்கம் ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வியும் உள்ளூர் தன்னார்வலர்களை வச்சு சாயங்காலம் நடத்தினதுதான்.

இன்னொண்ணு, உங்க ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல யார் இருக்காங்கன்னு கேளுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும். அடுத்த கூட்டத்துக்கு நாலு அம்மாக்கள் சேர்ந்து போங்க, டிரஸ்ட்காரங்களையும் வரச் சொல்லி, "பை வேணாம், வாசிக்கச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளுக்கு வருசம் முழுக்க சம்பளம் குடுங்க"ன்னு நேரா கேளுங்க. வாங்குறவங்க கேக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு நிறையப் பேரு என்ன குடுக்கணும்னு தெரியாமத்தான் பை குடுக்குறாங்க, கேட்டா மாத்திக்குவாங்க.

கீழக்கரைக்காரர் ஒருத்தர் துபாய்ல இருந்து:
நாங்க நண்பர்கள் சேர்ந்து ஊர்ப் புள்ளைக படிப்புக்கு மாசாமாசம் பணம் அனுப்பலாம்னு இருக்கோம் அண்ணே. நம்பி யாருக்குக் குடுக்குறது? எந்தச் செலவுக்குக் குடுத்தா நல்லது?

பதில்:
ரொம்ப சந்தோசம் தம்பி. கல்விக்குக் குடுக்குறது உங்க ஊருக்குப் புதுசில்ல, 1984ல முகம்மது சதக் இன்ஜினியரிங் காலேஜும் 1988ல தாசிம் பீவி அப்துல் காதர் பெண்கள் காலேஜும் அறக்கட்டளைகள் ஆரம்பிச்சதுதானே.

மொதல்ல சட்டம். உங்ககிட்ட இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்த சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. வேற நாட்டு குடியுரிமை வாங்கின நண்பர் யாராவது இருந்தா அவர் பணம் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குற சட்டப்படி, அனுமதி உள்ள நிறுவனத்துக்குத்தான் போகணும், ரெண்டையும் ஒண்ணா கலந்து அனுப்பி அந்த டிரஸ்ட்டை மாட்டி விட்டுறாதீங்க. டிரஸ்ட்டோட பதிவுப் பத்திரம், வருமான வரிப் பதிவு, போன வருச ஆடிட் ரிப்போர்ட் இதெல்லாம் கேளுங்க, காட்டத் தயங்குனா விட்ருங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "போன வருசம் உங்ககிட்ட வந்த புள்ளைகள்ல எத்தனை பேரு இப்ப வாசிக்கிறாங்க, எத்தனை பேரு படிப்பை விட்டு நின்னுட்டாங்க?" நின்ன புள்ளை கணக்கு வச்சிருக்குறவங்கதான் வேலை செய்றவங்க.

எதுக்குக் குடுக்குறதுன்னா, நம்ம கடற்கரைக் கணக்கைப் பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம், போட்டுக்குப் போறவங்க வீட்டுல வருமானம் நின்னுரும், பிளஸ் டூ ரிசல்ட்டும் காலேஜ் அட்மிஷனும் ஹாஸ்டல் அட்வான்ஸும் சரியா அந்த நேரத்துலதான் வந்து நிக்கும். நல்ல மார்க் வாங்கின பையன் கடலுக்குப் போறதும் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறதும் அந்த ரெண்டு மாசத்துல முடிவாகிருது, அதைப் பாக்குறப்போ மனசு ஆறவே மாட்டேங்குது. உங்க பணத்துல பெரும்பங்கை மே, ஜூனுக்கு ஒதுக்குங்க.

மிச்சத்துல, ஃபார்ம் நிரப்பிக் குடுக்க ஒரு ஆளைப் போடுங்க, சின்ன வேலையா தெரியும், ஆனா பெரிய உதவி. எட்டாவதுல என்எம்எம்எஸ்ங்கிற மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை எழுதி தேர்வானா பன்னெண்டாவது வரைக்கும் வருசம் 12,000 ரூபா வருது, அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வருது. வருமானச் சான்றிதழ் எடுக்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு அலைய முடியாம இதையெல்லாம் கைவிட்ட வீடுக நிறைய.

சாயல்குடி பக்கம் இருந்து ஒரு தங்கச்சி:
பி.எட் முடிச்சிருக்கேன், வேலை இன்னும் கிடைக்கல. ஊர்லயே இலவசமா சாயங்கால வகுப்பு எடுக்க ஆசை. எப்படி ஆரம்பிக்கட்டும்?

பதில்:
ஹெட்மாஸ்டரைப் பாத்துட்டு ஆரம்பிங்கம்மா, ஸ்கூலுக்குப் போட்டியா இல்லாம கூடவே நடந்தாதான் நிலைக்கும். பொது இடத்துல, இன்னொரு பெரியவங்க கூட இருக்குற மாதிரி வச்சுக்கோங்க, புள்ளைக ஆபத்துல உதவி கேக்குற 1098 நம்பரை சுவத்துல எழுதிப் போடுங்க. மொத நாள் ஒவ்வொரு புள்ளையையும் தனித்தனியா ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, வகுப்பைப் பாக்காம வாசிப்பைப் பாத்து குழு பிரிங்க, ஹோம்வொர்க் முடிச்சுக் குடுக்குற இடமா மட்டும் ஆக்கிராதீங்க. உங்க போக்குவரத்துக்கும் கைச்செலவுக்கும் ஏதாவது டிரஸ்ட்கிட்ட கேக்குறதுல தப்பே இல்ல, இலவசமா எத்தனை மாசம் உங்களால ஓட முடியும்? மே மாச லீவுல தொடங்குங்க, உப்பளத்துக்கும் கரிமூட்டத்துக்கும் குடும்பத்தோட போற புள்ளைக பேரை அப்பவே எழுதி வச்சுக்கிட்டீங்கன்னா, ஜூன்ல ஸ்கூலுக்கு வராதவங்க யாருன்னு உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்.