விங் ஃபாயில் கற்க, 78 கிலோ ஆளுக்கு 75 லிட்டர் போர்டு சரிவருமா?

விங் ஃபாயில் என்றால் விங் எனும் காற்றிறக்கையைக் கையில் பிடித்து, அடியில் ஃபாயில் எனும் நீரடி இறக்கை பொருத்திய போர்டில் போவது. நண்பர் மலிவாகத் தருகிறார் என்பதற்காக அந்த 75 லிட்டர் போர்டை இப்போது வாங்காதீர்கள். ஒரு லிட்டர் கொள்ளளவு சுமார் ஒரு கிலோவைத்தான் மிதக்க வைக்கும். உங்கள் 78 கிலோவோடு போர்டு, மாஸ்ட் (போர்டையும் ஃபாயிலையும் இணைக்கும் தண்டு), ஃபாயில் எடையையும் சேர்த்துப் பாருங்கள். முட்டி போட்டதுமே போர்டின் மூக்கு தாழ்ந்து, தண்ணீர் மேலே ஏறிவிடும். விங்கைத் தூக்கவே நேரம் கிடைக்காது.

கற்றுக்கொள்ளும்போது எடையோடு 30, 35 லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 110 லிட்டர் பக்கம். அகலமும் முக்கியம், 28 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்டில் வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஓரளவு சீராக வீசும். மற்ற மாதங்களில் காற்று பல நேரம் பாதியில் செத்துவிடும். அப்போது பெரிய போர்டு என்றால் முட்டி போட்டுத் துடுப்பு மாதிரி கையால் தள்ளியாவது கரை சேரலாம். (தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா புயற்காற்று எச்சரிக்கை வந்தால் இறங்கவே இறங்காதீர்கள்.)

முன் ஃபாயிலும் பெரிதாக, 1800 சதுர செ.மீ. அளவில் இருக்கட்டும். மெதுவான வேகத்திலேயே போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். நின்றபடி கிளம்பி, விழாமல் இரு பக்கமும் திரும்பக் கற்றுக்கொண்ட பிறகு 85 லிட்டருக்கு இறங்கலாம்.