இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அத்துவிட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2016-ல் கல்யாணம். கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். குடி, அடி, மாமியார் பேச்சு என்று ஐந்து வருடம் ஓடியது. 2021 மார்ச்சில் ஊர்க்கூட்டத்தில் பேசி அத்துவிட்டார்கள். 20 ரூபாய்ப் பத்திரத்தாளில் இருவர் கையெழுத்து, சாட்சிகள், நோட்டரி முத்திரை எல்லாம் இருக்கிறது. ஏழு வயது மகன் இவரிடம். போட்ட 18 பவுனில் 10 பவுன் திரும்ப வந்தது, மீதி அடகில் கிடக்கிறது. கணவர் இப்போது வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். வாசகிக்கும் சவுதியில் வேலை பார்க்கும் ஒருவரோடு சம்பந்தம் பேசி, ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. எட்டுப் பவுனை எப்படி வாங்குவது, இன்னொருத்தியோடு வாழ்கிறவரை எப்படி உள்ளே தள்ளுவது என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மாமியாரைப் பற்றியது. நீங்கள் பட்டதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இன்றைக்கு உங்கள் கழுத்துக்குக் கத்தியாக இருப்பது அது இல்லை, ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தப் பத்திரம்தான். சட்டப்படி நீங்கள் இன்னும் அவருடைய மனைவி. ஊர் அத்துவிட்டது, நீதிமன்றம் அத்துவிடவில்லை. நோட்டரி முத்திரைக்கும் பலம் கிடையாது. கல்யாணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் போடுவது நோட்டரியின் வேலையே இல்லை என்று 2024 அக்டோபரில் மத்திய சட்டத்துறை சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது.

“எங்கள் சாதியில் காலங்காலமாக இப்படித்தான், அதைச் சட்டமும் ஒத்துக்கொள்கிறதாமே” என்று ஊர்ப் பெரியவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது பாதி சரி. இந்து திருமணச் சட்டம் 29(2) பிரிவு வழக்காற்று விவாகரத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வழக்கம் பழமையானது, விடாமல் நடந்து வருவது, இன்னதுதான் என்று தெளிவாகச் சொல்லக்கூடியது என்பதை நீங்கள்தான் மனுவில் எழுதி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். 2002-ல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அங்கேயும் ஒரு விவாகரத்துப் பத்திரம்தான். மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று மனைவி போனார். வழக்கத்தை முறையாகச் சொல்லி நிரூபிக்கவில்லை என்று வழக்கைத் திருப்பி விசாரணை நீதிமன்றத்துக்கே அனுப்பினார்கள். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன பெரியவர், சம்மன் வந்ததும் உடம்பு சரியில்லை என்பார். கூண்டேறினாலும் “இதுபோல் இதற்கு முன் எத்தனை பேருக்கு அத்துவிட்டீர்கள், பெயர் சொல்லுங்கள்” என்ற முதல் குறுக்குக் கேள்வியிலேயே தடுமாறுவார். அதை நம்பி ஆவணியில் கழுத்தை நீட்டாதீர்கள்.

நீட்டினால் என்ன ஆகும்? இரண்டாவது கல்யாணம் அதே இந்து திருமணச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி செல்லாது. அதோடு நிற்காது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி அது குற்றம், ஏழு வருடம் வரை தண்டனை. புகார் கொடுக்கிற உரிமை யாருக்கு? உங்கள் முதல் கணவருக்கு. இன்றைக்கு “போ, எப்படியோ நல்லாயிரு” என்று சொல்கிற அதே மனிதர்தான். “ஊர் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கியது” என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும், உங்கள் பத்திரம் வெறும் தாள்.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த கதை ஒன்று உண்டு. முதல் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் வாயே திறக்க மாட்டார். பத்திரிகை, மண்டப ரசீது, வீடியோ, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் எல்லாம் சேரும்வரை காத்திருப்பார். ஒரு வழக்கில் மொய் நோட்டின் முதல் பக்கத்தையே போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் அழகான கையெழுத்தில். சடங்கு முறையாக நடக்கவில்லை என்று தப்பிப்பதும் தமிழ்நாட்டில் கஷ்டம். 1967-ன் தமிழ்நாடு திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் இங்கே 7-ஏ பிரிவு இருக்கிறது. உறவினர் முன்னால் மாலை மாற்றினாலோ தாலி கட்டினாலோ அதுவே முழுக் கல்யாணம். ஆக, சிக்கனமாகக் கோயிலில் முடித்துக்கொள்கிறோம் என்பதும் உங்களைக் காப்பாற்றாது. புகாரில் உங்கள் பெயர் மட்டும் வராது, தாலி எடுத்துக் கொடுத்த தாய்மாமன் வரை சேர்ப்பார்கள். கடைசியில் நிற்குமா நிற்காதா என்பது வேறு, அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வரவேண்டும்.

புது மாப்பிள்ளை பக்கமும் யோசியுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு நகல் இல்லாமல் கல்யாணத்தைப் பதிய முடியாது. பதிவுச் சான்று இல்லாமல் சவுதிக்குக் குடும்ப விசா கிடைக்காது. 2025 ஜனவரியில் உஷா ராணி வழக்கில், முதல் கல்யாணம் சட்டப்படி முறியாத பெண்ணுக்கும் இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. யாராவது அதைக் காட்டித் தைரியம் சொல்வார்கள். அது சோற்றுக்கு வழி செய்கிறதே தவிர, கல்யாணத்தைச் செல்லுபடியாக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவரை உள்ளே தள்ளும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவர் அந்தப் பெண்ணுக்கு முறைப்படி தாலி கட்டினார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். சேர்ந்து வாழ்வது மட்டும் இருதார மணக் குற்றம் ஆகாது. வழக்குப் போட்டால் அவரும் மல்லுக்கு நிற்பார், அப்புறம் உங்கள் கல்யாணம் எந்த ஆவணியில் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு விதமாகப் பாருங்கள். தீர்ப்பு உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவருக்கும் தேவை. நாளைக்குக் கடலில் அவருக்கு ஒன்று என்றால், வாரிசுச் சான்றிதழில் மனைவி என்று வரப்போவது உங்கள் பெயர்தான், அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. இதை அமைதியாக அவர் வீட்டில் ஒருவர் எடுத்துச் சொன்னால் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவார்.

எட்டுப் பவுன் உங்களுடைய சீதனம், சந்தேகமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அதற்காக மட்டும் சமாதானம் உடைகிறது என்றால் விட்டுக்கொடுங்கள். எழுதும்போது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. முதலில் நகை இன்னும் அடகில்தான் இருக்கிறதா, ஏலம் போய்விட்டதா என்று பாருங்கள். இருந்தால், பணமாகத் தருகிறேன் என்ற பேச்சு வேண்டாம். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரையே அழைத்துப்போய் மீட்டு, மனுவில் கையெழுத்தாகும் அன்றே நகையைக் கையில் வாங்குங்கள், மனுவிலும் அதை எழுதுங்கள்.

13-பி-யில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. தீர்ப்பு வரும் நாள்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் முகூர்த்தத் தேதி அவருக்குத் தெரிந்தால் கையெழுத்துக்கு விலை ஏறும். மாப்பிள்ளை வீட்டார் அவசரத்தில் டீக்கடையில் வைத்துப் பணம் கொடுப்பார்கள், அடுத்த வாய்தாவுக்கு ஆள் வரமாட்டார். அதனால் முகூர்த்தத்தை இப்போதே தள்ளிப்போடுங்கள். தள்ளினோம் என்று சொல்லுங்கள், புதுத் தேதியைச் சொல்லாதீர்கள். அவர் கடைசியில் பின்வாங்கினால் கொடுமை, கைவிடல் என்று தனி மனு போட வேண்டியிருக்கும். மாமியார் பற்றிய பக்கங்களை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

நம் கரைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் வாய்தாவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவர் படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால்? கூடப் போனவர்களை விட்டுவிட்டு டிரைவருக்கு மட்டும் சிறைத் தண்டனை போடுவது சமீப வருடங்களில் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவரை ராமநாதபுரம் நீதிமன்றத்தில் எப்படி நிறுத்துவீர்கள்? 13-பி மனு போட்டபிறகு சட்டம் சொல்லும் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தச் சொல்லி மனுவோடு சேர்த்தே கேளுங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்து, நகை, பிள்ளை எல்லாம் பேசி முடித்திருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் வழி திறந்திருக்கிறது. நீங்கள் பிரிந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதற்கு ஆதாரம் அந்த 20 ரூபாய்ப் பத்திரம்தான். கோபத்தில் கிழித்துவிடாதீர்கள், அசலை வக்கீலிடம் கொடுங்கள். படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. வாய்தாவைச் செவ்வாய் அல்லது வெள்ளியாகக் கேளுங்கள். ஒரு நாள் தொழில் போகும் என்பதற்காகவே வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை விஷயம். “மகனுக்கும் தகப்பனுக்கும் இனி சம்பந்தமில்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்” என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள் அல்லவா, அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. அவன் உரிமையை நீங்களோ ஊரோ எழுதிக் கொடுக்க முடியாது. புது மனுவில் பையன் உங்கள் பொறுப்பில், அவன் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் தகப்பனுக்குச் சம்மதம் என்று தனியாக ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். சவுதிக்கு அவனையும் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் இந்தப் பத்தி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு வந்தபிறகு அந்தக் கையெழுத்துக்காக மறுபடி அவர் வாசலில் நிற்க வேண்டி வரும்.