எக்கோல இ.எஃப் 62-ல இருந்து 55 ஆயிடுச்சு, த்ரீ-டி எக்கோ எடுக்கணுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ போய்க்கிட்டு இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த எக்கோல இ.எஃப் 62 சதவீதம், மூணு மாசம் கழிச்சு வேற சென்டர்ல எடுத்தப்ப 55. டாக்டர் த்ரீ-டி எக்கோ பாத்துட்டு முடிவு பண்ணலாம்ங்கறார். சாதா எக்கோவே திரும்ப எடுத்தா போதாதா? அம்மாவுக்கு சிரமமா இருக்குமா?

பதில்: எக்கோங்கறது ஒலி அலையால இதயத்தைப் படம் பிடிக்கறது, சில கீமோ மருந்து இதயத்தைப் பலவீனமாக்கலாம்ங்கறதாலதான் நடுநடுவுல எடுத்துப் பாக்கறாங்க. மொதல்ல அந்த 62-ம் 55-ம் எங்கேருந்து வருதுன்னு பாத்துடலாம், பயம் அங்கதானே இருக்கு. இதயத்தோட இடது கீழறை விரியறப்ப எவ்ளோ ரத்தம் பிடிக்குது, சுருங்கின பிறகு எவ்ளோ மிச்சம் நிக்குது, இந்த ரெண்டையும் அளந்து, எத்தனை சதவீதம் வெளிய தள்ளுச்சுன்னு சொல்றதுதான் இ.எஃப். ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். விரியறப்ப 120 மில்லி, மிச்சம் 46 மில்லின்னா இ.எஃப் 62. அதே 120, மிச்சம் மட்டும் 54 மில்லின்னு அளந்தா 55. நடுவுல வித்தியாசம் வெறும் 8 மில்லி, ரெண்டு டீஸ்பூன் கூட இல்ல. எக்கோ பண்றவங்க ஓரம் வரையறப்ப கோடு லேசா உள்ள வெளிய நகந்தாலே இது வந்துடும், அதனால வேற சென்டர், வேற மெஷின், வேற ஆள்னு இருக்கறப்ப இந்த 7 பாயிண்ட்டை மட்டும் வச்சு இதயம் பலவீனமாயிடுச்சுன்னு சொல்ல முடியாது, அதே சமயம் ஒண்ணுமில்லன்னு தள்ளவும் முடியாது, உங்க டாக்டர் நிதானிக்கறது சரிதான்.

சாதா எக்கோல நாம பாக்கறது ரெண்டு வெட்டுப்படம். அந்த ரெண்டுல ஓரத்தை வரைஞ்சா மெஷின் அறையை அடுக்கடுக்கா வட்டத் தட்டு மாதிரி நினைச்சு மொத்தக் கொள்ளளவைக் கணக்கு போடும், அதாவது பாக்காத இடத்தையெல்லாம் ஊகம்தான் நிரப்புது. ப்ரோப், அதாவது நெஞ்சுமேல வச்சு படம் எடுக்கற கருவி, இதயத்தோட நுனிக்கு நேரா உக்காராம கொஞ்சம் தள்ளி வச்சா அறை குட்டையா தெரியும், அளவு மாறிடும். எக்கோ ரூம்ல இது தினம் நடக்கற விஷயம், திறமையான கைக்கும் நடக்கும். த்ரீ-டி ப்ரோப்ல ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன படிகங்க இருக்கு, அது அறை முழுசையும் ஒரு கூம்பு மாதிரி அள்ளி எடுத்துடும், வடிவத்தை ஊகிக்க வேண்டிய வேலையே இல்ல. அதனால அடுத்தடுத்து எடுத்து ஒப்பிடறப்ப நம்பர் ரொம்ப ஆடாது, கீமோல இருக்கறவங்களுக்கு எங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆனா படம் தெளிவா இல்லாட்டி த்ரீ-டியும் பொய் சொல்லும், சில சமயம் சாதா எக்கோவை விட மோசமா. பெரும்பாலும் நாலு துடிப்பு, ஆறு துடிப்பை தனித்தனியா எடுத்து ஒட்டித்தான் முழு அறையும் கிடைக்குது, நடுவுல மூச்சு விட்டாலோ துடிப்பு தாறுமாறா இருந்தாலோ ஒட்டின இடம் பிசகி தையல் போட்ட மாதிரி கோடு தெரியும், அந்தப் படத்துல அளக்கவே கூடாது. ஒரே துடிப்புல எடுக்கற மெஷினும் இருக்கு, அதுல நொடிக்குக் கிடைக்கற படம் கம்மியாயிடும். இடது பக்கம் ஆபரேஷனோ ரேடியேஷனோ ஆகியிருந்தா ப்ரோப் வைக்கவே கஷ்டம், அப்ப கான்ட்ராஸ்ட் ஊசி (அறையோட ஓரத்தைத் தெளிவாக் காட்டற மருந்து) போட்டு எடுக்கறதோ இதய எம்ஆர்ஐயோ நல்லது.

இன்னொண்ணு, இதைப் பலரும் கவனிக்கறதில்ல. த்ரீ-டில வர்ற நம்பரை பழைய 62-ஓட நேருக்கு நேர் வைக்காதீங்க, முறையே வேற, த்ரீ-டில பொதுவா கொள்ளளவே கொஞ்சம் பெருசாத்தான் வரும். அம்மாவுக்கு இதுதான் புது ஆரம்பப் புள்ளி, இனிமே வர்ற எக்கோ எல்லாம் அதே சென்டர்ல அதே மெஷின்ல அதே முறையில இருக்கட்டும். கூடவே ஸ்ட்ரெயினும் பாக்கச் சொல்லுங்க, தசை எவ்ளோ சுருங்குதுன்னு சொல்ற அளவு அது, இ.எஃப் இறங்கறதுக்கு முன்னாடியே இது குறையலாம். மைனஸ் 20 இருந்தது மைனஸ் 17 ஆனா 15 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அதை டாக்டர்கள் சீரியஸா எடுத்துப்பாங்க. இ.எஃப் 10 பாயிண்ட்டுக்கு மேல இறங்கி 50-க்கு கீழ போனாலும் அப்படித்தான். 55 அந்த எல்லைக்கு மேலதான் இருக்கு.

அம்மாவுக்கு சிரமம் ஒண்ணும் இருக்காது. ரேடியேஷன் கிடையாது, ஊசி கிடையாது (கான்ட்ராஸ்ட் தேவைப்பட்டா மட்டும் போடுவாங்க), இடது பக்கமா சாய்ஞ்சு படுத்து சில நொடி மூச்சைப் பிடிக்கணும், அவ்ளோதான். வீட்லயே ரெண்டு மூணு தடவை பழகிட்டு வரட்டும், நிஜமாவே படத்துல வித்தியாசம் தெரியும். ஜுரம், ரத்தசோகை, ரத்த அழுத்தம் எல்லாம் அன்னைக்கு வர்ற நம்பரை மாத்தும், அதனால அன்னைக்கு இருந்த பிபியும் நாடித்துடிப்பும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க, ரெண்டு கொள்ளளவும் மில்லில இருக்கணும். பழைய ரெண்டு எக்கோவோட பேப்பரை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, வீடியோ பதிவையும் கேட்டு வாங்குங்க, ஒரே டாக்டர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு திரும்ப அளந்தா, அந்த 7 பாயிண்ட்ல பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்துடலாம்.

அதுவரைக்கும் கீமோவை நீங்களா நிறுத்திடாதீங்க. படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குதுன்னா மட்டும் எந்த எக்கோ அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.