பதினொரு நோட்டுப் புத்தகங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சாலிகிராமத்தில் தொலைக்காட்சித் தொடர்களின் உடைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். நீங்களும் இதே வேலையில் இருந்துவிட்டுத்தான் துணிகளுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினீர்கள் என்று அறிந்தேன். கன்டினியூட்டிக்காக, அதாவது ஒரு காட்சிக்கும் அதன் தொடர்ச்சிக்கும் நடுவே உடை மாறிவிடாமல் இருப்பதற்காக, நான் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் வீட்டில் பதினொன்று இருக்கின்றன. அவற்றைப் புரட்டும்போதெல்லாம் நானும் ஒரு பத்திரிகை நடத்த வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் நான் பத்தாம் வகுப்புதான். "துணி மடிக்கிற பெண்ணுக்குப் பத்திரிகையா?" என்று செட்டில் கேட்கிறார்கள். நல்ல வருமானத்தை விட்டு நீங்கள் வந்தது ஏன்? இப்போது வருத்தப்படுகிறீர்களா? நான் வேலையை விடலாமா?

எஸ்., வில்லிவாக்கம்

அன்புள்ள எஸ்,

நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்காக முதலில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். என்னிடம் பத்தொன்பது இருந்தன. மழைத் தண்ணீரில் நான்கு போய்விட்டன. அந்த நான்கில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் இரவில் யோசிப்பேன்.

என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் தையல்காரர். காஜா எடுக்கவும் ஹெம்மிங் செய்யவும் அவரிடம்தான் கற்றேன். 1998இல் ஒரு தொடரில் சேர்ந்தேன். சன் டிவி தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உடைப் பிரிவு என்றால் இஸ்திரி போடுவது என்றே எல்லோரும் நினைத்தார்கள். உங்கள் செட்டில் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று தெரிகிறது.

நமக்குத் தெரியும், அது அப்படியில்லை. நாயகி அரக்குப் புடவையில் வாசலைத் தாண்டுகிறாள்; தெருவில் அவள் கால் வைக்கும் காட்சியைப் பன்னிரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் எடுக்கிறார்கள். அதே புடவை, அதே கொசுவம், தோளில் அதே இடத்தில் ஊக்கு இருக்க வேண்டும். பொடிக்கட்டம் போட்ட துணி திரையில் அலைபோல நெளியும் என்பதும், தூய வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும், தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடங்கும் என்பதும் யாரும் எழுதிவைக்காத பாடங்கள். கஞ்சி போட்ட முந்தானை உரசினால் மைக்கில் வசனத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். தொடர் நான்கு ஆண்டு ஓடினால் நடிகையின் உடம்பும் மாறும். அதற்காக ரவிக்கையில் உள்தையல் தாராளமாக விட வேண்டும். இவை எல்லாவற்றையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தையல் மாஸ்டர்.

அவரால்தான் நான் வெளியே வந்தேன். ஒரே தொடரில் நான்கு ஆண்டுகள், அந்தக் கதை வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் தைத்தார். ஒருநாள்கூட அவர் பெயர் திரையில் வரவில்லை. தயாரிப்பு நிறுவனத்தில் போய்க் கேட்டேன். "தையல்காரர் பெயரை யாரம்மா படிப்பார்கள்?" என்றார்கள். அதே மாதம் தியாகராய நகரில் ஒரு கடையில் எங்கள் தொடர் நாயகி கட்டிய பட்டுப் புடவையை அவளுடைய பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். அது கோர்வைப் புடவை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கட்டை) ஓடி, ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொள்ளும். தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். அந்த இருவரில் ஒருவரைப் பற்றிக்கூடக் கடையில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. தொடர் முடிந்த மறுவாரம் உடைகளை மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள். மாஸ்டரின் நான்கு ஆண்டு வேலை தராசில் ஏறியதை அவரும் நானும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

சலிப்பினாலோ சம்பளம் போதாமலோ நான் வெளியேறவில்லை. எனக்குத் தெரிந்ததை வைப்பதற்குத் திரையில் இடம் இல்லை. பத்தொன்பது நோட்டுகளில் அது கிடந்தது. அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

முதல் இதழ் 32 பக்கம், 500 பிரதி, திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அச்சகம். அட்டையில் மயில்கழுத்து நிறப் பட்டு. பாவு என்னும் நீளவாட்டு நூல் ஒரு நிறம், ஊடை என்னும் குறுக்கு நூல் ஒரு நிறம் என்பதால் நடந்தால் நீலமாகவும் நின்றால் பச்சையாகவும் தெரியும் துணி அது. கேமராவில் அதை எத்தனையோ முறை பார்த்திருந்த நம்பிக்கையில் விரித்துப் போட்டுப் படம் எடுத்துக் கொடுத்தேன். அச்சில் வந்தது பாசி பிடித்த சுவரின் நிறம். அழுதுவிட்டேன். அச்சகத்துப் பெரியவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னார்: "அங்கே நிறம் என்பது வெளிச்சம். இங்கே நிறம் என்பது மை. நாலு மைதான் நம்மிடம் இருக்கிறது. துணியை விரிக்காதீர்கள் அம்மா, மடியுங்கள்." மடித்து எடுத்த படத்தில் மேட்டில் நீலமும் பள்ளத்தில் பச்சையுமாக அந்தப் பட்டு திரும்பி வந்தது. மாஸ்டருக்கு அடுத்து எனக்குக் கிடைத்த ஆசிரியர் அவர்தான்.

வருத்தமா? உண்டு, மறைக்க மாட்டேன். இரண்டாம் ஆண்டில் நான்கு இதழ் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. ஒரு ஜவுளிக்கடை பின்னட்டை விளம்பரம் தருவதாகவும், அதற்குப் பதிலாக உள்ளே தங்கள் புடவைகளைப் புகழ்ந்து நான்கு பக்கம் வேண்டும் என்றும் சொன்னது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன். அந்த முடிவில் மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. விடிவதற்கு முன் செட்டில் இஸ்திரியிலிருந்து எழும் ஆவியின் மணத்துக்கு மனம் இன்னும் ஏங்குகிறது.

பத்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதல் இதழ் அச்சிட்ட அதே திருவல்லிக்கேணியில்தான் எழுத்தாளர் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பிறகுதான் தாமே எழுதப் பழகினார். நாவல்கள் மட்டுமே நூற்றுக்கு மேல் எழுதினார். இதை உங்கள் செட்டில் சொல்லுங்கள். 1983இல் 'காந்தி' படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் வாங்கிய பானு அத்தையாவையும் சொல்லுங்கள். அவர் 'ஈவ்ஸ் வீக்லி' இதழுக்கு ஆடைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். அதன் ஆசிரியர் ஒரு துணிக்கடை திறந்து உடை வடிவமைக்கச் சொன்னதில் தொடங்கியது அவர் பயணம். பத்திரிகைக்கும் உடைக்கும் நடுவே எப்போதும் ஒரு வழி இருந்திருக்கிறது. அவர் அந்தப் பக்கம் போனார். நாம் இந்தப் பக்கம் வருகிறோம்.

வேலையை இப்போது விடாதீர்கள். நான் விட்டுவிட்டுத் தொடங்கினேன். அந்த அவசரம்தான் இரண்டாம் ஆண்டில் என்னைக் கடனாளியாக்கியது. ஆண்டுக்கு இரண்டு இதழ் போதும். முறைப்படி பதிவு செய்யுங்கள். நான் பதிவு செய்தபோது 1867ஆம் ஆண்டுச் சட்டம். மாஜிஸ்திரேட் முன்பு நின்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. 2024 மார்ச் முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. தலைப்பும் பதிவும் ஒரே விண்ணப்பம், இணையத்திலேயே அனுப்பலாம். அலைச்சல் பெரிதும் குறைந்திருக்கிறது.

எழுத வராது என்று பயப்படாதீர்கள். உங்கள் நோட்டிலிருந்து ஒரே ஒரு நாளை எடுத்து, அன்று கட்டிய ஒரே ஒரு புடவையைப் பற்றி, வாங்கியதிலிருந்து மடித்து வைத்தது வரை எழுதி எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன், நன்றாக இருந்தால் என் அடுத்த இதழில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறேன்.

இன்னொன்று. கன்டினியூட்டி நோட்டில் காட்சி எண், புடவை நிறம், நகை எல்லாம் எழுதுவோம். தைத்தவர் யார் என்று எழுத மாட்டோம். என் பத்தொன்பதிலும் அது இல்லை. பன்னிரண்டாவது நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.